தூத்துக்குடி துப்பாக்கிச்சூடு: 17 போலீஸார் மீது நடவடிக்கை கேட்ட ஆணையம், அறிக்கைக்கும் தண்டனைக்கும் நடுவில் நிற்பது எது?

2022 அக்டோபர் 18. ஓய்வுபெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் இறுதி அறிக்கை தமிழக சட்டப்பேரவையில் வைக்கப்பட்டது. தூத்துக்குடி துப்பாக்கிச்சூடு தொடர்பாக ஐ.ஜி. அந்தஸ்து அதிகாரியில் தொடங்கி காவலர் வரை 17 போலீஸார், அப்போதைய மாவட்ட ஆட்சியர், தாசில்தார் நிலையிலான 3 அதிகாரிகள் ஆகியோர் மீது நடவடிக்கை எடுக்க அது பரிந்துரைத்தது. அன்று மாலை எல்லா சேனல்களிலும் அதுதான் தலைப்புச் செய்தி.

அதைப் பார்த்த பலரும், "அப்போ இவங்க எல்லாம் ஜெயிலுக்குப் போயிடுவாங்க" என்றுதான் நினைத்தார்கள். ஆனால் அறிக்கை வந்து ஆண்டுகள் கடந்தும், இந்தச் சம்பவத்துக்காக நீதிமன்றத்தில் தண்டனை பெற்ற போலீஸ் அதிகாரி ஒருவர்கூட இல்லை.

இது எப்படி? ஒரு நீதிபதியே "தப்பு நடந்திருக்கு" என்று சொன்ன பிறகு என்ன தடை? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

அன்று என்ன நடந்தது?

ஸ்டெர்லைட் தாமிர உருக்காலை விரிவாக்கத்தை எதிர்த்து 2018 பிப்ரவரியில் அ.குமாரரெட்டியாபுரம் மக்கள் போராட்டத்தைத் தொடங்கினார்கள். மே 22 அதன் நூறாவது நாள். அன்று ஆட்சியர் அலுவலகத்தை முற்றுகையிடப் போவதாக முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். அதாவது, யாருக்கும் தெரியாமல் திடீரென்று கூடிய கூட்டம் இல்லை இது. தேதி தெரியும், இடம் தெரியும். உளவுத்துறை எச்சரித்திருந்ததையும் ஆணையம் பதிவு செய்திருக்கிறது.

இரண்டு நாள் முன்பு, மே 20 அன்று ஒரு சமாதானக் கூட்டம் நடந்தது. அதில் ஆட்சியர் இல்லை. மே 21 இரவு 144 தடை உத்தரவு போடப்பட்டது. விடிந்தால் பேரணி. அந்த உத்தரவு மக்களிடம் போய்ச் சேரவே இல்லை என்பது ஆணையம் சுட்டிக்காட்டிய குறைகளில் ஒன்று. மே 22 அன்றும் ஆட்சியர் நகரில் இல்லை, கோவில்பட்டியில் இருந்தார். இது ஒரு சின்ன விஷயம் மாதிரி தெரியலாம். ஆனால் கூட்டத்தைக் கலைக்கும் முடிவில் வருவாய்த்துறையின் பங்கு என்ன என்று பார்க்கும்போது இதன் எடை புரியும். அதற்குப் பிறகு வருவோம்.

பனிமய மாதா கோவில் பக்கமிருந்தும் மடத்தூர் பக்கமிருந்தும் மக்கள் நடந்தார்கள். வழியில் கல்வீச்சு நடந்தது, ஆட்சியர் அலுவலக வளாகத்தில் வாகனங்கள் எரிந்தன. கூட்டம் வன்முறையில் இறங்கியதால் வேறு வழியில்லாமல் சுட்டோம் என்பது போலீஸ் தரப்பு. அன்றும் மறுநாளும் நடந்த துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்த ஒரு மாணவியும் உண்டு. ஆட்சியர் அலுவலகத்தில் இருந்து பல கிலோமீட்டர் தள்ளி, கடலோரத்தில் உள்ள திரேஸ்புரத்தில் ஒரு பெண் உயிரிழந்தார். மே 23 அன்று அண்ணாநகரில் மீண்டும் துப்பாக்கிச்சூடு.

முதல்வராக இருந்த எடப்பாடி பழனிசாமி, டிவி பார்த்துத்தான் விஷயம் தெரிந்தது என்று அப்போது சொன்னார். தலைமைச் செயலாளர், டிஜிபி, உளவுத்துறைத் தலைவர் ஆகியோர் அவருக்கு உடனுக்குடன் தகவல் தந்துகொண்டிருந்தார்கள், எனவே அந்தப் பேச்சு சரியல்ல என்று ஆணையம் எழுதியது.

போலீஸ் எப்போது சுடலாம்?

சட்டம் இதில் ஓரளவு தெளிவாகவே இருக்கிறது. சம்பவம் நடந்தபோது அமலில் இருந்தது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 129-வது பிரிவு. இப்போது அதுவே பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 148-வது பிரிவு. நிர்வாக மாஜிஸ்திரேட்டோ, காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியோ முதலில் "கலைந்து போங்கள்" என்று கூட்டத்துக்கு உத்தரவிட வேண்டும். கலையவில்லை என்றால்தான் பலப்பிரயோகம். நிர்வாக மாஜிஸ்திரேட் என்றவுடன் கறுப்புக் கோட்டு நீதிபதியை நினைக்க வேண்டாம். இவர்கள் ஆட்சியர், கோட்டாட்சியர், தாசில்தார் போன்ற வருவாய்த்துறை அதிகாரிகள்.

இங்கேதான் ஆட்சியர் ஊரில் இல்லாதது பெரிய விஷயமாகிறது. மாவட்டத்தின் மூத்த மாஜிஸ்திரேட் அவர். அவர் இல்லாத இடத்தில், சுடுவதற்கான உத்தரவில் கையெழுத்துப் போட்டவர்கள் துணை தாசில்தார்கள். எதிரில் ஆயிரக்கணக்கான மக்கள், பக்கத்தில் ஐ.ஜி., டி.ஐ.ஜி., எஸ்.பி. அந்த நிலையில் ஒரு துணை தாசில்தார் "வேண்டாம் சார்" என்று சொல்லியிருப்பாரா? கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்விதான்.

பலப்பிரயோகத்திலும் படிகள் உண்டு. ஒலிபெருக்கியில் எச்சரிக்கை, தண்ணீர் பீய்ச்சுதல், கண்ணீர்ப்புகை, தடியடி, அதற்கும் மேலே போனால்தான் துப்பாக்கி. சுட்டாலும் இடுப்புக்குக் கீழே குறிவைக்க வேண்டும் என்றுதான் காவலர்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தரப்படுகிறது. உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தால் மட்டுமே துப்பாக்கி என்பதை 1990-ல் ஐ.நா. ஏற்ற அடிப்படைக் கோட்பாடுகளும் சொல்கின்றன.

தூத்துக்குடியில் இந்தப் படிகள் பின்பற்றப்படவில்லை என்பதே ஆணையத்தின் முடிவு. ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள பூங்காவுக்குள் மறைந்திருந்து, ஓடிக்கொண்டிருந்தவர்கள் மீது போலீஸார் சுட்டார்கள் என்று அது சொன்னது. ஒரே காவலர் பல இடங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டு 17 ரவுண்டு சுட்டிருக்கிறார். இறந்தவர்களின் பிரேதப் பரிசோதனை அறிக்கைகளை ஆராய்ந்து ராய்ட்டர்ஸ் 2018 டிசம்பரில் ஒரு செய்தி வெளியிட்டது. 13 பேரில் 12 பேருக்கு தலையிலோ மார்பிலோ குண்டு பாய்ந்திருந்தது. அதில் பாதிப் பேர் பின்பக்கமிருந்து சுடப்பட்டவர்கள்.

கூட்டம் கல் எறிந்தால் போலீஸ் சும்மா இருக்கணுமா?

இல்லை. உச்ச நீதிமன்றமே இதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. 2007-ல் ஜம்முவில் இருந்து டெல்லி நோக்கிப் புறப்பட்ட போராட்டக்காரர்கள் மீது போலீஸ் நடத்திய தாக்குதல் பற்றிய அனிதா தாக்கூர் வழக்கு அது. தீர்ப்பு 2016-ல் வந்தது. கூட்டம் வன்முறையில் இறங்கியதால் போலீஸ் பலத்தைப் பயன்படுத்தத் தொடங்கியது சரிதான் என்றது நீதிமன்றம். ஆனால் நிலைமை கட்டுக்குள் வந்த பிறகும் அடியைத் தொடர்ந்தது உரிமை மீறல் என்று சொல்லி, பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு வழங்கச் சொன்னது.

ஆக, "யார் முதல்ல ஆரம்பிச்சது?" என்ற விவாதத்தோடு விஷயம் முடிவதில்லை. ஒவ்வொரு குண்டுக்கும் அந்த நொடியில் தேவை இருந்ததா என்பதே சட்டம் கேட்கும் கேள்வி. ஓடுகிறவரின் முதுகில் பாய்ந்த குண்டுக்கு அதற்குப் பதில் சொல்வது கஷ்டம்.

ஆணையம் சொன்னால் அரசு செய்தே ஆக வேண்டுமா?

இல்லை. இங்கேதான் பெரும்பாலானோர் குழம்புகிறார்கள்.

இப்படிப்பட்ட ஆணையங்கள் 1952-ம் ஆண்டின் விசாரணை ஆணையச் சட்டத்தின் கீழ் அமைக்கப்படுகின்றன. தலைவர் முன்னாள் நீதிபதியாக இருக்கலாம், சாட்சிகளுக்கு சம்மன் அனுப்பலாம், ஆவணங்களைக் கேட்டு வாங்கலாம். ஆனால் அது நீதிமன்றம் இல்லை. அதன் முடிவு தீர்ப்பும் இல்லை. 1958-லேயே டால்மியா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது: ஆணையத்தின் வேலை உண்மையைக் கண்டறிந்து அரசுக்குச் சொல்வது, அவ்வளவுதான். அரசு ஏற்கலாம், ஏற்காமலும் விடலாம்.

அரசுக்கு உள்ள கட்டாயம் ஒன்றே ஒன்று. அறிக்கை கிடைத்த ஆறு மாதத்துக்குள், என்ன நடவடிக்கை எடுத்தோம் என்ற குறிப்போடு சேர்த்து அதைச் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். அருணா ஜெகதீசன் ஆணையம் 2022 மே 18-ல் அறிக்கை கொடுத்தது, அக்டோபரில் அவையில் வைக்கப்பட்டது. சட்டப்படி அரசு தன் கடமையை முடித்துவிட்டது.

இன்னொரு சிக்கல், பலருக்கும் தெரியாதது. அந்தச் சட்டத்தின் 6-வது பிரிவின்படி, ஆணையத்தின் முன்பு ஒருவர் கொடுத்த வாக்குமூலத்தை அவருக்கு எதிராகவே குற்ற வழக்கில் பயன்படுத்த முடியாது. ஒரு அதிகாரி ஆணையத்தில் உட்கார்ந்து "ஆமாம், நான்தான் சுடச் சொன்னேன்" என்று சொன்னாலும், அந்த வரியை எடுத்துக்கொண்டு போய் நீதிமன்றத்தில் நீட்ட முடியாது. உண்மை பேசுபவர் பயப்படக் கூடாது என்பதற்காக வைத்த பாதுகாப்பு அது. விளைவு என்ன? ஆணையம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை நான்கு ஆண்டுகள் விசாரித்தாலும், குற்ற வழக்குக்கு அந்த வேலையை புலனாய்வு அமைப்பு முதலில் இருந்து செய்ய வேண்டும்.

தமிழகத்தின் பழைய கதையைப் பார்த்தால், தூத்துக்குடி ஆணையம் இவ்வளவு தூரம் சொன்னதே அபூர்வம். 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் மாஞ்சோலை தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் பேரணி தாமிரபரணிக் கரையில் கலைக்கப்பட்டபோது 17 பேர் இறந்தார்கள். நீதிபதி மோகன் ஆணையம் பெரும்பாலான மரணங்களுக்கு ஆற்றில் மூழ்கியதைத்தான் காரணமாகச் சொன்னது. 2011-ல் நடந்த பரமக்குடி துப்பாக்கிச்சூட்டை நீதிபதி சம்பத் ஆணையம் நியாயப்படுத்தியது. அந்த வரிசையில் "சுட்டது தப்பு" என்று எழுதி, பதவிகளோடு பட்டியல் போட்ட அறிக்கை இது. அப்படிப்பட்ட அறிக்கையே அடுத்த கதவைத் தாண்டத் திணறுகிறது என்பதுதான் விஷயம்.

அந்தக் கதவின் பெயர்: முன் அனுமதி

கூட்டத்தைக் கலைக்கும்போது செய்த செயலுக்காக ஒரு போலீஸ்காரர் மீது வழக்கு நடத்த வேண்டுமா? முதலில் மாநில அரசு அனுமதி தர வேண்டும். பழைய சட்டத்தில் 132-வது பிரிவு, புதிய சட்டத்தில் 151. இதோடு, உயர் அதிகாரிகளுக்குப் பொதுவான இன்னொரு பாதுகாப்பும் இருக்கிறது. பழைய 197, புதிய 218.

இந்தப் பாதுகாப்பை வைத்ததற்குக் காரணமே இல்லை என்று சொல்ல முடியாது. கலவரத்தின் நடுவில் நிற்கும் ஒரு காவலர், நாளைக்கு யார் யார் கேஸ் போடுவார்களோ என்று யோசித்துக்கொண்டே நின்றால் வேலை நடக்காது. நல்ல எண்ணத்தில் செய்த செயல் குற்றமாகாது என்றும் 132-வது பிரிவு சொல்கிறது. சரிதான். ஆனால் நல்ல எண்ணத்தில் செய்தாரா, கெட்ட எண்ணத்தில் செய்தாரா என்பதை நீதிமன்றம் பரிசீலிப்பதற்கு முன்பாகவே, அரசு பரிசீலித்துக் கதவைத் திறக்க வேண்டியிருக்கிறது. எந்த அரசு? அந்தப் போலீஸை அங்கே அனுப்பிய அதே அரசு. ஆட்சி மாறினாலும் அதிகார வர்க்கம் மாறுவதில்லை. கோப்பை நகர்த்த வேண்டியவர்களும், கோப்பில் பெயர் இருப்பவர்களும் ஒரே பணியில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள்.

கடமையின் எல்லையைத் தாண்டிவிட்டார் என்றால் இந்தப் பாதுகாப்பு போய்விடாதா? அங்கேயும் எளிதான பதில் இல்லை. 2020-ல் தேவராஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: எல்லை தாண்டியிருந்தாலும், அந்தச் செயலுக்கும் அவருடைய கடமைக்கும் நியாயமான தொடர்பு இருந்தால் முன் அனுமதி தேவை. போராட்டத்தில் பந்தோபஸ்துக்கு அனுப்பப்பட்ட காவலர் சுட்டார் என்றால், கடமையோடு தொடர்பே இல்லை என்று வாதிடுவது லேசான காரியம் இல்லை.

புதிய சட்டம் ஒரு நல்ல மாற்றத்தைக் கொண்டுவந்திருக்கிறது. 218-வது பிரிவின் கீழ் அனுமதி கேட்டால் அரசு 120 நாட்களுக்குள் முடிவெடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் அனுமதி தந்ததாகவே கருதப்படும். கோப்பைக் கிடப்பில் போடும் பழக்கத்துக்கு இது ஒரு கடிவாளம். ஆனால் கூட்டத்தைக் கலைப்பதற்கான தனிப் பாதுகாப்பான 151-வது பிரிவில் அப்படி ஒரு காலக்கெடு இல்லை. போராட்டக்காரர்கள் மீதான துப்பாக்கிச்சூட்டுக்கு நேரடியாகப் பொருந்துவது அந்தப் பிரிவுதான்.

"மேலிடம் சொல்லுச்சு, சுட்டேன்" என்றால் தப்பிக்கலாமா?

சட்டப்படி முடியாது. உத்தரவு சட்டபூர்வமானதாக இருந்தால்தான் அதற்குக் கீழ்ப்படிந்தவருக்குப் பாதுகாப்பு. 2011-ல் பிரகாஷ் கதம் வழக்கில், போலி என்கவுன்ட்டர் செய்துவிட்டு மேலதிகாரி உத்தரவு என்று சொல்வதை ஏற்க முடியாது என்ற உச்ச நீதிமன்றம், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய நியூரம்பெர்க் விசாரணையையே உதாரணம் காட்டியது.

நடைமுறையில் நடப்பது இதற்கு நேர் எதிர். சுட்டவர் சுலபமாகச் சிக்குவார், ஏனென்றால் எந்தத் துப்பாக்கி யாரிடம் இருந்தது, எத்தனை தோட்டா செலவானது என்பதற்குப் பதிவேடு இருக்கிறது. சுடச் சொன்னவரைக் காட்டுவதுதான் கஷ்டம், வாய்மொழி உத்தரவுக்கு ஏது பதிவேடு? அறிக்கை அவையில் வைக்கப்பட்ட சமயத்தில் அரசு சஸ்பெண்ட் செய்தது ஒரு ஆய்வாளரையும் மூன்று காவலர்களையும். ஆணையத்தின் பட்டியல் ஐ.ஜி.யில் தொடங்கியது என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

சிபிஐயும் மனித உரிமை ஆணையமும் என்ன செய்தன?

உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2018 ஆகஸ்ட் 14 அன்று வழக்கை சிபிஐக்கு மாற்றியது. உள்ளூர் போலீஸே உள்ளூர் போலீஸை விசாரிக்கக் கூடாது என்று பாதிக்கப்பட்டவர்கள் கேட்டது கிடைத்தது. ஆனால் சிபிஐ பதிந்த எஃப்.ஐ.ஆரில் போலீஸ் அதிகாரிகளின் பெயர் இல்லை. அது குற்றம் சாட்டியதும் பெரும்பாலும் போராட்டக்காரர்களைத்தான். 13 பேர் இறந்த சம்பவத்தில், கல் எறிந்தது யார் என்பதைக் கண்டுபிடிக்கக் காட்டிய வேகம், துப்பாக்கி விசையை அழுத்தச் சொன்னது யார் என்பதில் தெரியவில்லை.

தேசிய மனித உரிமைகள் ஆணையம் தானாக முன்வந்து விசாரணையைத் தொடங்கியது. ஐந்தே மாதத்தில், 2018 அக்டோபரில், அதை முடித்தும் வைத்தது. இழப்பீடு கொடுத்தாச்சு, மாநில அரசு விசாரணை ஆணையம் அமைச்சாச்சு என்பது அதற்கான காரணம். அதை மீண்டும் திறக்கக் கோரி மக்கள் கண்காணிப்பகத்தின் ஹென்றி திபேன் உயர் நீதிமன்றம் போனார். மாநில ஆணையம் இருக்கிறது என்று தேசிய ஆணையம் ஒதுங்கியது. ஆணையத்தின் அறிக்கையோ அரசைக் கட்டுப்படுத்தாது. வட்டம் முழுமையாகிவிட்டது.

இழப்பீட்டைப் பொறுத்தவரை, உயிரிழந்தோர் குடும்பங்களுக்கு அரசு முதலில் 10 லட்சம் அறிவித்து, பிறகு 20 லட்சமாக உயர்த்தியது. குடும்பத்தில் ஒருவருக்கு வேலையும் கொடுத்தது. மொத்தம் 50 லட்சமாகக் கொடுக்கச் சொன்னது ஆணையம். இந்தப் பணம் எல்லாம் அரசு கருவூலத்தில் இருந்து வருவது, தவறு செய்ததாகச் சொல்லப்படும் எந்த அதிகாரியின் சம்பளத்திலிருந்தும் இல்லை. இழப்பீடு வாங்கியதால் குற்ற வழக்கு நடத்தும் உரிமை போய்விடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. இரண்டும் தனித்தனி.

துறைரீதியான நடவடிக்கை என்றால்?

ஆணையம் கேட்டதில் இதுவும் உண்டு. இதற்கு நீதிமன்றம் தேவையில்லை, அரசே செய்யலாம். குற்றச்சாட்டு மெமோ கொடுத்து, விளக்கம் கேட்டு, விசாரணை அதிகாரி அறிக்கை தந்த பிறகு தண்டனை. சம்பள உயர்வை நிறுத்துவதில் இருந்து பணிநீக்கம் வரை போகலாம். சஸ்பெண்ட் என்பது தண்டனை அல்ல, விசாரணைக் காலத்தில் ஒதுக்கி வைப்பது மட்டுமே. அப்போதும் பிழைப்பூதியம் வரும்.

காவலர், ஆய்வாளர் விஷயத்தில் மாநில அரசுக்கு முழு அதிகாரம் உண்டு. ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். அதிகாரிகளுக்கு அப்படி இல்லை. மாநில அரசு விசாரிக்கலாம், சிறிய தண்டனைகள் தரலாம், ஆனால் வேலையை விட்டு நீக்கும் அதிகாரம் மத்திய அரசிடம்தான் இருக்கிறது.

காலக்கணக்கு ஒன்றும் இருக்கிறது. ஒருவர் ஓய்வு பெற்றுவிட்டால், நான்கு ஆண்டுகளுக்கு முன் நடந்த சம்பவத்துக்காக அவர் மீது புதிதாகத் துறை விசாரணை தொடங்க முடியாது என்பது ஓய்வூதிய விதி. துப்பாக்கிச்சூடு நடந்தது 2018 மே 22. ஆணையம் இறுதி அறிக்கையைக் கொடுத்தது 2022 மே 18. அதாவது நான்கு ஆண்டு முடிய நான்கு நாள் இருக்கும்போது. அவையில் வைக்கப்பட்டபோது அந்தக் கெடு தாண்டி ஐந்து மாதம் ஆகிவிட்டது. பணியில் இருப்பவர்களுக்கு இது தடையில்லை. பட்டியலில் உள்ள ஒவ்வொருவரும் ஓய்வுபெறும் நாள் நெருங்க நெருங்க, வாசல் குறுகிக்கொண்டே போகும்.

குடும்பங்களுக்கு வேறு என்ன வழி இருக்கிறது?

புலனாய்வு அமைப்பு "இந்த அதிகாரிகள் மீது குற்றம் இல்லை" என்று அறிக்கை போட்டால், அதை ஏற்கும் முன் புகார்தாரரிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்று 1985-ல் பகவந்த் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தக் கட்டத்தில் எதிர்ப்பு மனு தாக்கல் செய்யலாம். மாஜிஸ்திரேட்டுக்குத் திருப்தி இல்லை என்றால் மேல் விசாரணைக்கு உத்தரவிடலாம். நேரடியாகத் தனிப் புகாரும் கொடுக்கலாம்.

ஆனால் எந்த வழியில் போனாலும், போலீஸ் தரப்பு வக்கீல் முதலில் எழுப்பும் ஆட்சேபம் ஒன்றுதான்: அரசின் முன் அனுமதி எங்கே? அதை அரசு மறுத்தால், மறுத்த உத்தரவை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட வேண்டும். மறுக்காமலும் கொடுக்காமலும் இருந்தால், "சீக்கிரம் முடிவெடுங்க" என்று உத்தரவிடக் கோரி அதற்கும் தனியாக ஒரு ரிட்.